420 கிலோ துணியும் ஒரு ‘ஓகே’யும்

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. சாயம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். ஆனாலும் போன ஆவணியில் நடந்த ஒரு தவறுக்குப் பிறகு, கம்பெனிக்குள்ளும், எங்களுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளோடும், பையர்களோடும் தகவல் போய்வருகிற வழியைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. ஏழு மாதம் பிடித்தது. என்ன செய்தோம், எது நிலைக்கவில்லை, எது நிலைத்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்தத் தவறு. ஜெர்மனி பையர் ஒருவருக்கு டி-ஷர்ட் ஆர்டர், சாம்பல் நிறம். சாயப்பட்டறை ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் (சிறு துண்டில் போடும் மாதிரிச் சாயம்) போட்டுக் கொடுத்தது. துணித் துண்டுகளை பையருக்கு கூரியரில் அனுப்பினோம். அதே நாளில், பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற எங்கள் மெர்ச்சண்டைசர் மூன்றையும் போட்டோ எடுத்து, ‘ஏ’யைச் சுற்றி வட்டம் போட்டு, “இதுதான் வரும்னு நினைக்கிறேன் மாஸ்டர்” என்று வாட்ஸ்அப் க்ரூப்பில் போட்டிருந்தார். ஐந்தாறு நாள் கழித்து பையர் ‘பி’ என்று மெயிலில் ஒப்புதல் கொடுத்தார். அது மெர்ச்சண்டைசரின் சொந்த ஜிமெயிலுக்கு வந்தது. அன்று அவர் லீவு. பையர் அவருக்கு போனிலும் சொல்லியிருந்ததால், அவர் ஆபீசுக்குக் கூப்பிட்டு “ஒப்புதல் வந்துருச்சு” என்றார். ஆபீசிலிருந்து ஒருவர் க்ரூப்பில் “ஓகே வந்துருச்சு மாஸ்டர், ஆரம்பிங்க” என்று போட்டார்.

டையிங் மாஸ்டருக்கு ‘ஓகே’ என்றால் வட்டம் போட்ட ‘ஏ’. 420 கிலோ சிங்கிள் ஜெர்சி, ‘ஏ’ ஷேடில் முடிந்து வந்தது. ‘பி’ நீலம் ஓடுகிற சாம்பல், ‘ஏ’ பச்சை ஓடுகிற சாம்பல். டியூப் லைட்டில் வித்தியாசம் தெரியவில்லை; லைட் பாக்ஸில், பகல் வெளிச்சத்துக்குச் சமமான டி65 வெளிச்சத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. சாயத்தை உரித்து எடுத்தால் துணியின் பலம் போகும். கடைசியில் அதை வேறொரு ஆர்டருக்குக் கருப்பாக மாற்றிவிட்டு, புதிதாக நூல் வாங்கி மறுபடி நிட்டிங்கிலிருந்து ஆரம்பித்தோம். தூத்துக்குடி போக வேண்டிய கன்டெய்னர் பதினொரு நாள் தாமதம்.

யார் தப்பு என்று முதலாளி கேட்டார். மூன்று போன்களையும் இரண்டு மெயில் பெட்டிகளையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன். ஒருவர் மேலும் பழி போட முடியவில்லை. மெர்ச்சண்டைசர் சொன்னது யூகம், ஆபீஸ் சொன்னது உண்மை, மாஸ்டர் செய்தது தனக்குச் சொல்லப்பட்டபடி. நாலு பேர் கையில் நாலு துண்டாக இருந்த தகவல் ஓரிடத்தில் சேரவே இல்லை.

அன்று சாயங்காலம் கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது துணி ஏற்றிய வண்டி ஒன்று வெளியே போனது. வாட்ச்மேன் டி.சி.யை (சரக்கோடு போகும் டெலிவரி சலானை) வாங்கிப் பார்த்து, எண்ணைப் பதிந்து, பிறகுதான் விட்டார். டி.சி. இல்லாமல் ஒரு ரோல் கூட வெளியே போகாது. ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், ஐ.டி.சி.-04 படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டமே சொல்கிறது. துணிக்கு இத்தனை காவல் இருக்கிறது. அந்தத் துணி என்ன நிறமாக வேண்டும் என்ற சொல்லுக்கு ஒரு எண் கூட இல்லை. என் வேலை எங்கே ஆரம்பிக்கிறது என்பது அங்கேதான் புரிந்தது.

முடிந்துபோன ஒரு ஸ்டைலை எடுத்து, அதைப் பற்றிப் பேசிய எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். பி.ஓ. (பையரின் ஆர்டர் தாள்) வந்த நாளிலிருந்து பேக்கிங் வரை வாட்ஸ்அப், மெயில், போன் எல்லாம் சேர்த்து அறுநூறுக்கும் மேல். இதில் முடிவு என்று சொல்லத்தக்கவை நாற்பதை ஒட்டித்தான் இருந்தன: இந்த ஷேட், இந்த ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), இந்த டயா (துணியின் அகலம்), இந்த அளவு, இந்தத் தேதி. மற்றவை விசாரிப்பு, ஞாபகப்படுத்தல், காலை வணக்கம், “வந்துருச்சா?”. அவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஜாப் ஒர்க் உறவே அந்தப் பேச்சில்தான் ஓடுகிறது. ஆனால் நாற்பது முடிவுகளும் அறுநூறுக்குள் கரைந்து கிடந்தன. அதிலும் பாதி போட்டோவாக, வாட்ஸ்அப் தானாகவே வைத்த பெயரோடு. ‘சாம்பல்’ என்று தேடினால் ஒன்றும் வராது.

முதல் முயற்சி தோற்றது. ஆர்டர்களை நிர்வகிக்கிற ஒரு மொபைல் ஆப்புக்கு மாதச் சந்தா கட்டினோம். கம்பெனிக்குள் இருபது பேருக்குப் பயிற்சி கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று எல்லா ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் இன்ஸ்டால் செய்யச் சொல்லி லிங்க் அனுப்பினோம். மூன்று வாரத்தில் ஒரே ஒரு எம்பிராய்டரி யூனிட்தான் உள்ளே வந்திருந்தது.

பெருந்துறை சிப்காட்டில் இருக்கிற சாயப்பட்டறைக்கு நேரில் போனேன். மாஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கோபமே இல்லாமல் சொன்னார்: “ஏனுங்க தம்பி, எனக்கு முப்பது கம்பெனி வேலை கொடுக்குது. ஆளுக்கொரு ஆப் போடச் சொன்னா நான் துணியைப் பாக்கறதா, போனைப் பாக்கறதா?” போனைக் காட்டினார். மெமரி நிறைந்து சிவப்புக் கோடு.

இந்த ஒரு பேச்சு எனக்கு மூன்று வாரத்தை விடப் பெரிய பாடம். நம் கம்பெனிக்குள் இருக்கிறவர்களிடம் இதைப் பயன்படுத்துங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. தொழில் கூட்டாளி நம்மைப் போல இன்னும் முப்பது பேரோடு பேசுகிறவர். அவர் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். ஆப்பை நிறுத்தினோம். கட்டிய பணம் போனதில் வருத்தம்தான், ஆனால் அங்கேயே பிடிவாதமாக நின்றிருந்தால் உறவும் போயிருக்கும்.

வாட்ஸ்அப்பிலேயே இருப்பது என்று முடிவானதும், துணிக்கு டி.சி. மாதிரி முடிவுக்கு ஒரு சீட்டு போட்டோம். ஏ4 தாளில் பாதி. மேலே ஆர்டர் எண், வேலையின் பெயர், எத்தனையாவது பதிப்பு: ‘4127-சாயம்-2’ என்பது போல. கீழே அந்த வேலைக்குத் தேவையானது மட்டும். சாயச் சீட்டில் கிலோ, ஜி.எஸ்.எம்., டயா, லேப் டிப் எழுத்து, பான்டோன் எண் (நிறத்துக்கான பொது எண்), எந்தத் தேதி மெயிலில் ஒப்புதல் வந்தது என்ற ஒரு வரி. பிடிஎஃப் ஆக்கி, டாகுமென்ட்டாக அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பக் கூடாது. போட்டோவாகப் போனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிப் பெயரையும் மாற்றிவிடும். டாகுமென்ட் அதே பெயரோடு போய்ச் சேரும். ‘4127’ என்று தேடினால் ஆறு மாதம் கழித்தும் கிடைக்கும்.

விதி ஒன்றுதான்: சீட்டு வராமல் வேலை ஆரம்பிக்க வேண்டாம். க்ரூப்பில் முதலாளியே ‘ஓகே’ என்று போட்டாலும் சீட்டு வரும்வரை காத்திருக்கலாம். இதை முதலாளியையே ஒவ்வொரு யூனிட்டுக்கும் போனில் சொல்லச் சொன்னேன். நான் சொல்லியிருந்தால் அந்த விதி நிலைத்திருக்காது.

ஷேடை மட்டும் திரையில் முடிவு செய்வதில்லை என்றும் வைத்தோம். எந்த போன் திரையும் நிறத்தை உள்ளபடி காட்டாது. ஒப்புதல் ஆன துணித் துண்டைச் சீட்டின் பிரின்டில் பின் அடித்து, கிரே துணியோடு (சாயம் போடாத துணியோடு) போகும் டி.சி.யோடு சேர்த்தே அனுப்புகிறோம்.

இதில் எதிர்பாராமல் வந்த தொல்லை எழுத்துரு. எங்கள் பழைய எக்செல் ஃபைல்கள் எல்லாம் வானவில் ஃபான்ட்டில் இருந்தன. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழகான தமிழ். அதே ஃபைலை போனில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். இத்தனை வருடம் அதனால்தான் எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து போட்டோவாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களிடம் காரணம் கேட்காமலே போட்டோ அனுப்பாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். யூனிகோடுக்கு மாற்ற ஒரு வாரம் ஆனது. இப்போது சீட்டுகள் எல்லாம் நோட்டோ சான்ஸ் தமிழில். பேக்கிங் சீட்டில் மட்டும் இந்தியிலும் இரண்டு வரி சேர்த்தோம். அங்கே ஒடிசா, பீகார் பிள்ளைகள்தான் அதிகம். சட்டை மடிப்பதற்குப் படமே போட்டுவிட்டோம்.

வாய்ஸ் நோட்டைத் தடை செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஈரக் கையோடு மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் டைப் செய்ய முடியாது. அவர் பேசட்டும்; கேட்கிறவர் அதன் கீழே ஒரு வரி எழுதட்டும் என்று வைத்தோம். “மாஸ்டர் சொல்வது: லாட் 2 நாளை மதியம்.” தப்பாகப் புரிந்திருந்தால் அவர் உடனே திருத்திவிடுவார்.

க்ரூப்புகளையும் குறைத்தோம். ஸ்டைலுக்கு ஒன்று, யூனிட்டுக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று என்று 23 இருந்தன. இப்போது யூனிட்டுக்கு ஒன்று மட்டும். எந்தச் செய்தியும் ஆர்டர் எண்ணில் ஆரம்பிக்க வேண்டும். இதற்குப் பழக இரண்டு மாதம் ஆனது, இன்னும் சிலர் மறக்கிறார்கள்.

அடுத்து மெயில். இது பையர் பக்கம். மெர்ச்சண்டைசர்கள் நாலு பேரும் சொந்த ஜிமெயிலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பு ஒருவர் வேலையை விட்டுப் போனபோது இரண்டு வருட பையர் கடிதங்களும் அவரோடு போய்விட்டன. கம்பெனி டொமைனிலேயே எல்லாருக்கும் முகவரி கொடுத்து, ஆர்டருக்கென்று ஒரு பொதுப் பெட்டி வைத்தோம். எல்லா மெயிலிலும் அதற்கு ஒரு நகல். ஒருவர் லீவில் இருந்தாலும் இன்னொருவர் படிக்கலாம். ‘பி’ ஒப்புதல் அன்றைக்கு இந்தப் பெட்டியில் விழுந்திருந்தால் 420 கிலோ தப்பித்திருக்கும்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு காலை பையரின் அக்கவுன்ட்ஸ் பெண்மணி போன் செய்தார். “உங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதா?” என்று கேட்டார். எங்கள் முகவரியிலிருந்தே வந்ததாகக் காட்டும் மெயில், எங்கள் இன்வாய்ஸ் மாதிரியே ஒரு தாள், வேறு வங்கி எண். பதில் போகிற முகவரி மட்டும் வேறு. அவர் நிதானமாகப் பழைய நம்பருக்குக் கூப்பிட்டதால் பணம் போகவில்லை. அவருக்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

எங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை (அந்தப் பெயரின் மெயில் எங்கிருந்து வரலாம் என்பது போன்ற விவரங்கள் இருக்கும் பொதுப் பட்டியலை) திறந்து பார்த்தேன். யார் வேண்டுமானாலும் எங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற நிலையில்தான் இருந்தது. சரிசெய்ய வேண்டியவை மூன்று. எஸ்பிஎஃப் என்பது நம் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல். டிகேஐஎம் என்பது போகிற ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து. இந்த இரண்டில் ஒன்றுகூட நம் டொமைனோடு பொருந்தவில்லை என்றால் அந்த மெயிலை என்ன செய்வது என்று பெறுகிறவருக்கு நாம் சொல்லி வைப்பது டிமார்க்.

எஸ்பிஎஃப்பில் இரண்டு பதிவுகள் இருந்தன. பழைய ஹோஸ்டிங்காரர் போட்டது ஒன்று, புது மெயில் சேவைக்குப் போட்டது ஒன்று. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஒன்றாகச் சேர்த்தேன். உடனே அடுத்த பிழை: அந்தப் பதிவைப் படிக்க பத்து டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக் கூடாது, எங்களுடையது 12. எப்போதோ நிறுத்திவிட்ட செய்திமடல் சேவை ஒன்றும், பழைய ஹோஸ்டிங்கும் உள்ளே கிடந்தன. நீக்கியதும் ஏழாக இறங்கியது.

டிகேஐஎம் சாவியை ஒட்டியபோது பாதியில் வெட்டுப்பட்டது. 2048 பிட் சாவி நீளமானது. டிஎன்எஸ் பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான். எங்கள் டொமைன் பேனல் மிச்சத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விழுங்கிவிட்டது. இரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்ததும் சரியானது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு. வேறு யாராவது இதே இடத்தில் நின்றால், பேனலில் தெரிகிற சாவியின் கடைசிப் பத்து எழுத்தை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிமார்க்கை எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ (ஏற்காதே) என்று போடக் கூடாது. ‘நன்’ (எதுவும் செய்யாதே) என்று போட்டு, வருகிற அறிக்கைகளை ஆறு வாரம் படித்தேன். கூகுள் போன்றவர்கள் தினம் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் அனுப்புகிறார்கள். அதில்தான் எனக்கே தெரியாத இரண்டு விஷயம் வெளிவந்தது: சம்பளச் சீட்டை அனுப்பும் சாஃப்ட்வேர் தன் சொந்த சர்வரிலிருந்து எங்கள் பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தது, இரண்டாவது மாடி ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்த தாள்களை நேராக மெயில் செய்துகொண்டிருந்தது. நேரே ‘ரிஜெக்ட்’ போட்டிருந்தால் இரண்டும் நின்றிருக்கும். ஷிப்பிங் ஏஜென்ட் ஒருவர் வருகிற மெயிலைத் தானாக இன்னொரு பெட்டிக்குத் திருப்பி வைத்திருந்தார். அப்படித் திருப்பும்போது எஸ்பிஎஃப் உடைகிறது, டிகேஐஎம் கையெழுத்து மட்டும் தாங்குகிறது. இரண்டு இரவு வீணில்லை. பிறகு ‘குவாரன்டைன்’ (ஸ்பாமில் ஒதுக்கு), ஒரு மாதம் கழித்து ‘ரிஜெக்ட்’. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லாருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்க வேண்டும் என்று கூகுள் வைத்துவிட்டதால், மோசடி பயம் இல்லாதவர்களுக்கும் இந்த வேலை தப்பாது.

ஆனால் ஒன்று. ஓர் எழுத்தை மட்டும் மாற்றி நம்முடையது போலவே ஒரு டொமைன் வாங்கி அனுப்பினால், இந்த மூன்றும் தடுக்காது. அதனால் எல்லா பையர்களுக்கும் கடிதம் எழுதினோம்: எங்கள் வங்கி விவரம் மாறினால் மெயிலில் மட்டும் சொல்லமாட்டோம், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு உறுதி செய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். நாங்கள் நூல் மில்லுக்குப் பணம் அனுப்பும்போதும் அதே விதிதான். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும் என்று அக்கவுன்ட்ஸ் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்து முடித்து, சந்தோஷமாக மறுபடி பெருந்துறை போனேன். சீட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மாஸ்டர் நல்லா இருக்குதுங்க என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க என்ன வேணும்னு சொல்றீங்க. துணி எப்ப வருதுன்னு சொல்றதே இல்லீங்களே” என்றார்.

விளக்கச் சொன்னேன். அவரிடம் சிறிதும் பெரிதுமாக சாஃப்ட் ஃப்ளோ என்ற சாயம் போடும் மெஷின்கள் இருக்கின்றன. நாளை காலை எந்த மெஷினில் எந்தக் கம்பெனி லாட் என்று முந்தின நாள் இரவே திட்டம் போட வேண்டும். எங்கள் 400 கிலோ வருமா, 250 மட்டும் வருமா என்று தெரியாமல் பெரிய மெஷினைக் காலியாக வைத்திருந்து, மதியம் வரை வரவில்லை என்றால் வேறொருவர் லாட்டை ஏற்றிவிடுவார். அப்புறம் எங்கள் துணி வந்து இரண்டு நாள் தரையில் கிடக்கும். நாங்கள் சாயப்பட்டறை தாமதம் என்று திட்டிக்கொண்டிருப்போம்.

ஏழு மாதத்தில் நான் செய்த அத்தனையும் ‘நாங்கள் சொன்னது அவர்களுக்குச் சரியாகப் போக வேண்டும்’ என்ற ஒரு திசையில்தான் இருந்தது. அவர்களுக்கு எங்களிடமிருந்து என்ன தெரிய வேண்டும் என்று ஒரு யூனிட்டிடமும் நான் கேட்கவில்லை. அடுத்த வாரமே எல்லா யூனிட்டுக்கும் போய்க் கேட்டேன். பிரிண்டிங்காரருக்கு வேண்டியது ஆர்ட்வொர்க் எப்போது இறுதியாகும் என்ற தேதி. எம்பிராய்டரிக்கு பில் பாஸ் ஆன நாள். காம்பாக்டிங்குக்கு, வருகிற துணி ஈரமா உலர்ந்ததா என்பது. ஒவ்வொன்றும் ஒரு வரிதான்.

இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு எங்கள் ஸ்டோர் பையன் ஒவ்வொரு க்ரூப்பிலும் ஒரு செய்தி போடுகிறான்: நாளை என்ன வருகிறது, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு வண்டி. தாமதம் என்றால் அதையும் சொல்லிவிடுகிறான். எந்தச் சாஃப்ட்வேரும் இல்லாத இந்த ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக வேலை செய்தது. சாயப்பட்டறையில் எங்கள் துணி காத்துக்கிடப்பது கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது.

இரவு எட்டுக்கு மேல் க்ரூப்பில் பதில் எதிர்பார்ப்பதில்லை என்றும் வைத்துவிட்டோம். அவசரம் என்றால் போன். ஜெர்மனி நமக்கு மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அங்கே சாயங்காலம் வரும் கேள்வி இங்கே படுக்கப் போகும் நேரம். மெர்ச்சண்டைசர் பெண்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பையர்களிடம் சொன்னோம். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பிரிண்டிங் யூனிட் இன்னும் போட்டோதான் அனுப்புகிறது. அங்கே அடுத்த மாதம் போய் உட்கார வேண்டும். பெரிய ஆர்ட்வொர்க் ஃபைல்கள் மெயிலின் 25 எம்பி எல்லையைத் தாண்டும்போது ஆளுக்கொரு வழியில் அனுப்புவதும் நிற்கவில்லை.

போன வாரம் 4188-சாயம்-1 சீட்டு அனுப்பினோம். பத்து நிமிடத்தில் மாஸ்டரிடமிருந்து வாய்ஸ் நோட்: “தம்பி, சீட்டுல 160 ஜி.எஸ்.எம்.னு இருக்குது. வந்த துணி 180ங்க. பாத்துட்டு ரெண்டாவது சீட்டு போடுங்க, அதுவரைக்கும் மெஷின்ல ஏத்தலை.” மெயிலைத் திறந்து பார்த்தோம். பையர் கேட்டது 180. சீட்டு அடித்தவர் பழைய ஆர்டரிலிருந்து காப்பி செய்திருந்தார். கீழே ஒரு வரி எழுதி, 4188-சாயம்-2 அனுப்பினோம்.